கற்பனை எண்ணும் மெய்யான மின்தேக்கியும்

கணித வகுப்பில் கலப்பெண்களைப் படித்தபோது, மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தால் யாருக்கு என்ன பயன் என்று நம்மில் பலரும் எண்ணியதுண்டு. எனக்கு அதன் விடை இயற்பியல் ஆய்வகத்தில் கிடைத்தது.

நேர்த்திசை மின்னோட்டத்திற்குத் தடை என்ற ஓர் எண்ணே போதும். மாறுதிசை மின்னோட்டத்திலோ, எதிர்ப்பு எவ்வளவு என்பதோடு, மின்னழுத்த அலையும் மின்னோட்ட அலையும் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்கான 'இம்பிடன்ஸ்' என்ற சொல்லை 1886-இல் ஆலிவர் ஹெவிசைட் தந்தார். 1893-இல் கென்னலி அதனைக் கலப்பெண்ணாக எழுதிக் காட்டினார். அதன் மெய்ப்பகுதி ஆற்றலை வெப்பமாக்கும்; கற்பனைப் பகுதி ஆற்றலை வாங்கித் திருப்பித் தரும், அதிர்வெண்ணுக்கேற்ப மாறும்.

இக்கணக்கை இன்று கணினியே போட்டுவிடுகிறது. 1973-இல் பெர்க்லியில் அறிமுகமான 'ஸ்பைஸ்' நிரலின் வழிவந்த இலவச மென்பொருள் ஒன்றில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்துப் பார்த்தேன். 1 கிலோ ஹெர்ட்சில் 1,592 ஓம். 1 மெகா ஹெர்ட்சில் 1.6 ஓம். அதிர்வெண் ஏற ஏற, கோடு இறங்கிக்கொண்டே போயிற்று.

பின்னர் அதே அளவு மின்தேக்கியை 50 ஓம் தடையுடன் தொடராக இணைத்து, ஆசில்லாஸ்கோப்பில் அலைகளை நோக்கினேன். தொடக்கத்தில் மின்னழுத்தம் மின்னோட்டத்திற்குக் கால்பங்கு அலைவு பின்தங்கி வந்தது. 5 மெகா ஹெர்ட்சை நெருங்கியபோது இரண்டும் ஒன்றாயின. அதற்கு மேல் மின்னழுத்தம் முந்திக்கொண்டது. எதிர்ப்பும் ஏறத் தொடங்கியது. மின்தேக்கி கம்பிச்சுருளைப் போல நடந்துகொண்டது!

காரணம் அதன் இரு கால்களே. கம்பியின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 நானோ ஹென்றி மின்தூண்டல் உண்டு. மொத்தம் 10 நானோ ஹென்றி என்று கொண்டால், ஒத்ததிர்வு 5 மெகா ஹெர்ட்சில்தான் வரும். 50 மெகா ஹெர்ட்சில் திரையின் தூய மின்தேக்கி காட்டுவது 0.03 ஓம், கால்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3 ஓம். வேறுபாடு நூறு மடங்கு!

திரையில் 10 நானோ ஹென்றிச் சுருளையும் ஒரு சிறு தடையையும் தொடராகச் சேர்த்தேன். கோடு வளைந்து அளவீட்டோடு ஒத்துப்போயிற்று. கால்களை ஒட்ட நறுக்கியபோது, கணக்கு சொன்னபடியே திருப்புமுனை மேலே நகர்ந்தது.

கணினி இருக்கையில் ஆய்வகம் எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கணினி பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் சொல்லாத கால்களை அது அறியாது. எதைச் சொல்ல வேண்டும் என்று நமக்கு அறிவிப்பது அளவீடு அன்றோ? திரையில் கோடு வரைவோம். மேசையில் அளந்து பார்த்த பிறகே அதை நம்புவோம்.