நடுத்துண்டு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வட்டத்துக் கரிசல் வழியாகப் பரளச்சிப் பக்கம் போகும் சாலைகளில் மாருதி 800 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார். 796 சிசி என்ஜின், மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிகள்தான் பெரும்பாலும். வெயிலிலேயே நிற்கும் வண்டிகளில் ஸ்டியரிங் வளையம் வெளிறி, பிசுபிசுத்து, கடைசியில் விரிசல் விட்டுவிடுகிறது. புது ஸ்டியரிங் மாட்டும் வேலை பட்டறைக்கு வருவதற்கு அழகு மட்டும் காரணமில்லை, இந்தத் தேய்மானமும் காரணம். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நாம் காசு கொடுத்து வாங்குவது கைக்குத் தெரியும் வளையத்தை. நம் உயிர் தொங்குவதோ வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பாஸ் என்கிற துண்டிலும், அதை மாட்டுகிறவரின் பொறுமையிலும். இந்த இரண்டுக்கும் நாம் கணக்கே வைப்பதில்லை.

தேர்ந்த கை முதலில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, டயரை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறது. பால் ஜாயின்டில் ஆட்டம் இருக்கிறதா, டை ராட் முனை தளர்ந்திருக்கிறதா, ரப்பர் மூடி கிழிந்து புழுதி உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் தடவுகிறது. வண்டிக்காரருக்கு இது வேலையை இழுத்தடிப்பதாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டம் கண்ட முன்பக்கத்தில் புது ஸ்டியரிங்கை மாட்டினால், பழைய நோய் புதுச் சாமானின் தலையில் விழும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இதைத்தான் 98ஆம் விதியில் சொல்கின்றன: ஸ்டியரிங்கில் வெறும் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாமல் பூட்டப்பட்டிருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தைப் பார்த்தே இராதவர்கூட அந்த வாசகத்தை விரல் நுனியில் வைத்திருப்பதைப் பட்டறையில் பார்க்க முடிகிறது. அதற்கு மேல்தான் முன்சக்கரங்களை நேராக நிறுத்துவதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதும், ஹாரன் மூடியைப் பெயர்ப்பதும். நடு நட்டைத் தளர்த்திய பிறகும் முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று விட்டுவைக்கிறார்கள். இறுகிப்போன வளையம் திடீரென்று கையோடு வந்து முகத்தில் அடிக்காமல் அந்த நட்டு தடுத்துவிடும். வராத வளையத்துக்குப் புல்லர்தான் போட வேண்டும். தண்டின் தலையில் சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங் கெடும். மோதலில் மடங்குவதற்கென்றே செய்த தண்டாக இருந்தால் அதன் பூட்டும் உடையும்.

இனி பாஸ். தண்டின் நுனியில் சுற்றிலும் நுண்ணிய பற்கள் உண்டு. பாஸின் உள்வட்டத்தில் அதே எண்ணிக்கையில், அதே அளவில் பற்கள் இருந்தால்தான் ஒன்றையொன்று கவ்வும். மறுபக்கம் வளையத்தோடு சேர ஆறு ஓட்டைகள். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி போன்ற இத்தாலிய வளையங்களில் அந்த ஓட்டைகள் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். நார்டி வளையத்தில் 74 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர்தானே என்று அரம் போட்டு ஓட்டையை நீளமாக்கிவிடும் ஆசை இங்கேதான் வருகிறது. நீண்ட ஓட்டையில் போல்ட்டு இறுகியிருப்பதுபோலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மயிரிழை நகரும். சரியான பாஸ் கிடைக்காதபோது நடக்கும் இன்னொரு காரியம் இதைவிட ஆபத்தானது: பழைய ஸ்டியரிங்கின் நடுப்பகுதியை அறுத்தெடுத்து, அதன்மேல் ஒரு தகட்டைப் பற்றவைத்துப் பாஸாக்குவது. கலப்பையையும் டிராக்டர் டிரெய்லரையும் பற்றவைத்தே காப்பாற்றிவந்த சீமை இது. நகரத்துக் கடையில் சாமான் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாத ஊரில் அந்தக் கைத்திறன்தான் விவசாயத்தை ஓடவைத்தது. அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் டிரெய்லரில் பற்று விட்டால் மூட்டை சரியும், வண்டி நிற்கும். ஸ்டியரிங்கில் பற்று விட்டால் வளையம் கையில் இருக்கும், வண்டி தன் போக்கில் போகும். பற்றவைத்த இடத்தை ஒட்டியுள்ள இரும்பு சூட்டில் குணம் மாறிவிடுகிறது. கரடுமுரடான தடத்தின் அதிர்வில் அங்கே மெல்லக் கீறல் ஓடும், அதுவும் மூடிக்கு அடியில், கண்ணுக்குப் படாமல். லேத் பட்டறையில் இடைத்தகடு கடையலாம், ஓட்டை போடலாம், தவறில்லை. உட்பற்களை வெட்ட அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். சாதாரண லேத்தால் ஆகாது. ஆகவே பற்கள் பொருந்தும் பாஸ் வரும்வரை வேலையைத் தொட மாட்டேன் என்று சொல்கிற மெக்கானிக்கைத் திறமை குறைந்தவர் என்று நினைப்பது பெரிய அநியாயம். அந்த மறுப்பும் தொழில்தான்.

பாஸ் உட்கார்ந்த பிறகும் நுணுக்கம் தீரவில்லை. வளையம் கொஞ்சம் சாய்ந்து நின்றால் பாஸை ஒரு பல் தள்ளி மாட்டிப் பார்க்கத் தோன்றும். தண்டில் 36 பற்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. அதற்குக் குறைந்த சாய்வைப் பல்லால் சரிசெய்ய முடியாது. கீழே டை ராட்டில் ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் அதே அளவு குறைத்து, அலைன்மெண்ட் பார்த்துத்தான் ஆக வேண்டும். இண்டிகேட்டரைத் தானே அணைக்கும் முளை பாஸின் பின்பக்கத்தில் இருப்பதால், தலைகீழாக மாட்டினால் திரும்பி முடித்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஹாரன் பொத்தானின் இரண்டு முனைகளில் ஒன்றுக்கு வயர், மற்றொன்றுக்குப் பாஸ் வழியாக எர்த். ஆட்டுக் கிடை சாலையைக் கடக்கும் நாட்டில் ஹாரன் இல்லாத வண்டி அரை வண்டிதான்.

சரி, எந்த அளவு வளையம்? சின்ன வளையத்தின் மோகம் பந்தயத் திடலிலிருந்து வந்தது. 1964இல் ஃபெராரியில் உலகப் பட்டம் வென்ற ஜான் சர்டீஸ், ஜான்பியரோ மொரெட்டி வடிவமைத்த தடித்த வளையத்தைப் பயன்படுத்தியதுதான் மோமோவின் தொடக்கம். நம் பக்கத்திலும் கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். அந்தத் திடலில் சின்ன வளையத்துக்கு நியாயம் உண்டு: இடம் குறுகல், திருப்பம் அடுத்தடுத்து வரும், கை குறைவாக நகர வேண்டும். கரிசல் தடத்தில் அந்த நியாயம் செல்லாது. பழைய வளையம் 380 மில்லிமீட்டர், புதியது 320 என்றால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய 19 சதவீதம் கூடுகிறது. மழை பெய்து கரிசல் சக்கரத்தில் அப்பிய நாளில் அந்த 19 சதவீதம் தோளில் தெரியும். வண்டிச் சுவட்டில் சக்கரம் விழுந்து எழும்போது வளையம் கையைத் திருப்பி உதறும், அந்த உதறலும் சின்ன வளையத்தில் கூடுதல். மாருதி 800 எடை குறைந்த கார் என்பதால் 350 வரை தாங்கும் என்பது என் கணிப்பு; அதற்குக் கீழே போவது கைக்குத் தண்டனை.

பழைய வண்டியைப் பழையபடியே விட்டுவிடுவதுதானே முறை என்று மரபுக் கார் அன்பர்கள் கேட்பார்கள். 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு அசல் தன்மையைக் கேட்கின்றன. அந்த வயதைக் கடந்த சென்னைத் தயாரிப்பான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் நானும் கை வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் விரிசல் விட்ட வளையத்தை அசல் என்பதற்காகவே வைத்து ஓட்டுவது அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதையாகாது. கழற்றிய அசலைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்தால் போதும். பாஸ் போட்டு மாட்டிய வேலையைப் பிறகு ஒரு கீறல் இல்லாமல் திருப்பிவிடலாம். பற்றவைத்த வேலையைத் திருப்ப முடியாது. சட்டம் தடுக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆம் பிரிவு ஆர்.சி. விவரங்களோடு முரண்படும் மாற்றங்களைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆர்.சி.யில் ஸ்டியரிங் விட்டத்துக்குக் கட்டம் இல்லை. ஆனாலும் 98ஆம் விதி எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பதால் பொறுப்பு குறையவில்லை. 2019 ஜூலை முதல் புதுக் கார் எல்லாவற்றிலும் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். அந்த ஸ்டியரிங்கின் மூடிக்கு அடியில் வெடித்து விரியும் பை இருக்கிறது. அங்கே இந்த வேலைக்கு இடமே இல்லை.

மிச்சமிருப்பது கூலி. ஆறு போல்ட்டு, ஒரு நட்டு, அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா என்ற பேரம் வரும்போது, முன்பக்கத்தை ஆட்டிப் பார்த்த நேரமும், ஒத்துவராத பாஸைத் திருப்பியனுப்பிய நாளும், டை ராட்டைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பிய பொறுமையும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. கூலி குறைந்தால் அடுத்த வண்டிக்கு முதலில் வெட்டுப்படுவது அந்தச் சோதனைகள்தான். வளையம் எப்படியும் மாட்டப்பட்டுவிடும். பட்டறைக்காரர்கள் நட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து தண்டுவரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள், அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்க்க. அந்த இரண்டாவது வருகைக்கும் கூலி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.