நடுநிலை யாருடையது?

பாடசாலை அரசியலுக்கு அப்பாற்பட்டது. ஆசிரியன் எப்பக்கமும் சாராது பாடத்தை மட்டும் கற்பித்தல் வேண்டும் என்னும் உபதேசத்தை, இத்தொழிலுக்கு வந்த நாள்முதல் நான் கேட்டு வருகிறேன். கேட்குந்தோறும் நினைவுக்கு வருபவர் அமெரிக்கக் கல்வியறிஞர் ஜோர்ஜ் கவுண்ட்ஸ்.

1889இல் கான்சாஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1916இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்வியின் பெருமையைப் பாடுவதோடு அமையாது, அதன் பயனைத் துய்ப்போர் யாவர் என எண்ணிப் பார்த்தார். 1922இல் வெளிவந்த அவரது ஆய்வு, நான்கு நகரங்களின் உயர்நிலைப் பள்ளிகளை நோக்கியது. யாவர்க்கும் திறந்ததெனப் போற்றப்பட்ட அவ்வாயிலினுள்ளே வசதி படைத்தோரின் பிள்ளைகள் திரளாகப் புகுந்தனர். கூலித் தொழிலாளரின் பிள்ளைகளோ அருகியே காணப்பட்டனர். 1927இல் கல்விச் சபைகளை ஆராய்ந்தார். அங்கும் வணிகரும் உயர்தொழில் புரிவோருமே மிகுதியாக வீற்றிருந்தனர். அவ்வாறாயின், அச்சபைகள் வகுக்கும் நடுநிலை யாருடைய நடுநிலை?

1929இல் மோட்டார் வண்டியிற் சோவியத் நாட்டைச் சுற்றி வந்தார். பொருளாதார மந்தத்தால் அமெரிக்காவில் இலட்சோப இலட்சம் பேர் வேலையிழந்து நின்ற 1932இல், முற்போக்குக் கல்வியாளர் மகாநாட்டிலே, பாடசாலை புதியதொரு சமுதாயத்தைக் கட்டியெழுப்பத் துணியுமா என வினவினார். குழந்தையின் விருப்பத்தை மட்டும் போற்றும் கல்வி, சமுதாயத்தைப் பற்றிய கொள்கை எதுவுமற்றது என்றார். எக்கல்வியும் சில கருத்துக்களைத் திணிக்கவே செய்யும். ஆதலின் ஆசிரியர்கள் அதிகாரத்தை அஞ்சாது நாடவேண்டும் என்றார்.

ஆயினும் அவரது பிற்கால வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1939 முதல் 1942 வரை அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்துக்கு அவர் தலைமை தாங்கினார். 1941இல், கம்யூனிஸ்டுகளின் செல்வாக்குக்குட்பட்டவை எனக் கூறப்பட்ட கிளைகள் அச்சம்மேளனத்திலிருந்து விலக்கப்பட்டன. ஆசிரியன் பக்கம் சாரவேண்டும் என்றவரின் தலைமையிலேயே, சார்ந்த பக்கத்துக்காகச் சில ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டனர். 1974இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

மன்னனின் கொடைக்கு ஓர் அத்தியாயத்தையும், அவன் களஞ்சியத்தை நிரப்பிய உழவனுக்கு ஒரு வரியையும் ஒதுக்கும் பாடநூலை அப்படியே ஓதிவிட்டுச் செல்லும் ஆசிரியன், தான் அறியாமலே ஒரு பக்கம் சார்ந்துவிடுகிறான். பக்கம் சாராதிருத்தல் நமக்கு இயலாது. இயல்வது ஒன்றுண்டு: சார்ந்த பக்கத்தை மாணவனுக்கு ஒளிக்காது உரைத்தல், அதனை மறுத்துரைக்கும் உரிமையை அவனுக்கு அளித்தல். முன்னதற்குத் துணிவு வேண்டும். பின்னதற்கு அதனினும் பெருந்துணிவு வேண்டும்.