முதற்றுணை எது?

வரிசைப்படுத்தும் ஆசை மனிதனுக்குப் பிறவிக்குணம் போலும். வளவிலே இரண்டு மாமரங்கள் நின்றால் எதன் கனி இனிது என்று வழக்காடாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் உண்டோ? ஆசிரியத் தொழில் புரியும் எம்போலியர்க்கோ அது தவணைதோறும் வந்து சேரும் கடமையாகும். முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்ட எமக்கு, அண்மையில் ஒரு புதுமையான வரிசையைப்பற்றிச் சிந்திக்க நேர்ந்தது. அவ்வரிசையில் இடம்பெறுவோர் மாணாக்கர் அல்லர்; உலகில் எங்கும் காணப்படும் விலங்குகளும் அல்லர். ‘போக்கிமொன்’ எனப்படும் கற்பனைப் பிராணிகளே அவர்கள்.

இவ்விளையாட்டை அறியாத பெரியோர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் யப்பானில், நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் போய்’ என்னும் கையடக்கக் கருவிக்கென, சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாய் இது வெளிவந்தது. இதனைப் படைத்தவர் சத்தோசி தஜிரி. தோக்கியோவின் புறநகர் ஒன்றில் வளர்ந்த அவர் இளமையில் வண்டும் பூச்சியும் தேடிப் பிடிப்பதிலே பெருவிருப்புடையவராய் இருந்தார். நகரம் பரந்து வயலும் குளமும் மறையவே பூச்சிகளும் அருகின. அந்த இன்பத்தைப் பிற்காலத்துச் சிறுவர்க்கு மீட்டுக் கொடுக்க எண்ணியே இவ்விளையாட்டை ஆக்கினார் என்பர். இதில் பிடிப்பதற்கும் பழக்குவதற்கும் 151 பிராணிகள் உள. அவற்றைப் பொருதவிட்டு, எட்டு ஊர்களிலே உள்ள களத்தலைவரை ஒருவர்பின் ஒருவராய் வெல்லுதல் வேண்டும்.

பயணம் புறப்படும் சிறுவனுக்கு ஓக் என்னும் பேராசிரியர் மூன்று பிராணிகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முதுகிலே பூண்டுபோல் ஒரு வித்தைச் சுமந்து நிற்கும் புல்பசோர் புல்லினம். வாலின் நுனியிலே சுடரேந்திய சார்மாண்டர் நெருப்பினம். ஆமை வடிவான ஸ்குவர்ட்டில் நீரினம். நெருப்பு புல்லை எரிக்கும்; நீர் நெருப்பை அவிக்கும்; புல் நீரைக் குடிக்கும். மூன்றில் எது மிகப் பயன்படும் என்பதே வினா. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை.

வரிசை வகுப்போர் பலர், பிராணி முழு வளர்ச்சி எய்திய பின்னர் அதன் வலிமை யாது என்றே நோக்குகின்றனர். அது சரியன்று என்பது எமது கருத்து. வழியின் நடுவிலே எவரும் ஆறு பிராணிகளை உடன் வைத்திருப்பர். ஒன்று இயலாவிடின் மற்றொன்று வரும். தொடக்கத்திலோ கையில் உள்ளது ஒன்றே. ஆதலால், வேறு துணையில்லாத அந்தச் சிறு காலத்தில் அது எங்ஙனம் உதவுகிறது என்பதற்கே அதிக புள்ளி வழங்குதல் வேண்டும்.

முதலாவது களத்தலைவன் புரொக். அவனிடம் இருப்பவை இரண்டு கற்பிராணிகள்: 12ஆம் படியில் ஜியோடூட், 14ஆம் படியில் ஒனிக்ஸ் என்னும் பாறைப் பாம்பு. இரண்டும் கல்லும் மண்ணும் கலந்த இனம். புல்லின் அடியும் நீரின் அடியும் இவற்றின்மீது நான்கு மடங்காய் விழும். புல்பசோர் 13ஆம் படியிலே கொடிச்சவுக்கைக் கற்றுவிடுகிறது. அதன் வீச்சு ஒன்றிலேயே பாறைப் பாம்பு சுருண்டுவிடும். சார்மாண்டரின் நிலையோ இரங்கத்தக்கது. அதன் நகம் கல்லிலே பாதிதான் பதியும். அதன் நெருப்பும் பாதிதான் சுடும். இந்த இடத்திலே மனம் சலித்துக் கருவியை மூடி வைத்த சிறுவர் உலகெங்கும் இருப்பர்.

அப்பால் நீர்த்தலைவி மிஸ்டி. அங்கும் புல்பசோருக்கே வெற்றி எளிது. மூன்றாமவனாகிய மின்தலைவன் சேர்ஜின் அடியும் புல்லின்மேல் பாதியாகக் குறையும். ஆமையோ அங்கே தவிக்கும். இம்மூன்று களங்களையும் கடக்கும்போது கையிலே வேறு நல்ல பிராணிகள் சேர்ந்திருக்கும். எனவே புல்பசோரை முதலாம் பிள்ளை என்றோம்.

எமது கல்லூரியிலே கணிதம் கற்பிக்கும் நண்பர் இதனை ஒப்பவில்லை. ஓய்வறையில் தேநீர் ஆறும்வரை வாதாடினார். “கொடிச்சவுக்குக்கு 13ஆம் படி வரை காத்திருக்க வேண்டும், ஸ்குவர்ட்டில் 8ஆம் படியிலேயே நீர்க்குமிழி ஊதுகிறதே, புரொக்குக்கு அது போதாதோ?” என்றார். அது மெய்தான். மேலும் அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார். அந்நாளைய விளையாட்டில் இனங்கள் 15. அவற்றுள் புல்லின் அடியைத் தாங்கிக்கொள்பவை ஆறு. நெருப்பைத் தாங்குபவை நான்கு. நீரைத் தாங்குபவை மூன்றே. போதாக்குறைக்கு, 151 பிராணிகளில் நச்சினத்தவை முப்பதுக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவை புல்லைப் பொருட்படுத்தா. பின்களங்களிலே உள்ள நெருப்புத் தலைவனையும் மண் தலைவனையும் ஆமை எளிதில் வெல்லும். கடல் கடக்கவும் அது முதுகு கொடுக்கும். கணக்கிலே நாம் தோற்றோமாயினும் துணையற்ற காலத்துக்கே நிறை மிகுதி என்ற எமது அளவுகோலை விட்டுக்கொடுக்கவில்லை. மயிரிழை வேறுபாட்டில் ஸ்குவர்ட்டில் இரண்டாம் பிள்ளை. சார்மாண்டர் மூன்றாவது என்பதில் மட்டும் எம்மிருவர்க்கும் பிணக்கில்லை.

பிணக்கு வீட்டிலே இருந்தது. கனடாவில் வதியும் மைத்துனர் தாம் சிறுவயதில் ஆடிய பழைய கருவியையும் சிவப்புப் பதிப்பையும் எமது மகளுக்கு அனுப்பியிருந்தார். அவளுக்கு வயது பன்னிரண்டு. வரிசையை விளக்கி முடித்தோம், அமைதியாகக் கேட்டாள், கேட்டபின் சார்மாண்டரையே எடுத்தாள். காரணம் வினவினோம். “வாலிலே விளக்கு எரிகிறது, அப்பா. அது அணைந்தால் அதற்கு உயிரில்லையாம். அதை எப்படி விட்டுவிட்டுப் போவது?” என்றாள். பயன்பாட்டைப்பற்றிய எமது அளவுகோலில் இதற்குப் புள்ளியிட இடமில்லை.

புரொக்கிடம் இருமுறை தோற்றாள். பின்னர் ஒரு நுட்பத்தைத் தானே கண்டாள். ஒனிக்சின் உடற்காப்பு 160. ஆனால் நெருப்பு முதலியவற்றைத் தாங்கும் சிறப்பாற்றல் 30 மாத்திரமே. ஆகவே பாதியாய்க் குறைந்தும் தீப்பொறியே நகத்திலும் மேலானது. (இத்தொல்லைக்கு இரங்கினர்போலும், 2004இல் இவ்விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டோர் சார்மாண்டருக்கு 13ஆம் படியில் இரும்பு நகம் ஒன்றை அளித்தனர். பழைய கருவியில் அந்தச் சலுகை இல்லை.) அதுவும் போதாமையால் காட்டுக்குத் திரும்பிப்போய்க் கேட்டர்ப்பி என்னும் ஒரு பச்சை மயிர்க்கொட்டியைப் பிடித்துவந்தாள். அது 7ஆம் படியில் கூட்டுப்புழுவாகி, 10ஆம் படியில் வண்ணத்துப்பூச்சியாகி, 12ஆம் படியில் மனத்தைக் கலக்கும் வித்தையைக் கற்றது. கூட்டுப்புழுவாயிருக்கும் நிலையிலே அதன் தாக்குவலிமை மிகக் குறைவு. அதனை முன்னே விட்டுப் பின்னே இழுத்து வளர்ப்பதற்கு அவளுக்கு ஒரு கிழமை சென்றது. அவ்வண்ணத்துப்பூச்சி பாறைப் பாம்பைத் தளரச்செய்ய, எஞ்சியதைத் தீப்பொறி முடித்தது.

புல்பசோரை எடுத்தவன் அந்தக் காட்டை ஒரே ஓட்டத்தில் கடந்திருப்பான். மயிர்க்கொட்டியைத் திரும்பியும் பாரான். பூச்சி தேடி அலைந்த தஜிரியின் இளமை இன்பத்திலே ஒரு துளி, மூவருள் கடையாய பிராணியை எடுத்தவளுக்கே வாய்த்தது. இதனை நண்பரிடம் சொன்னபோது அவர், “பலவீனத்துக்கும் புள்ளி போடப்போகிறீரோ?” என்று சிரித்தார். போடவில்லை. எமது வரிசை அப்படியே இருக்கிறது. தேர்ச்சி அறிக்கையிலே அதற்கொரு நிரல் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம்.

இன்னும் ஒன்று. நாம் ஒரு பிராணியை எடுத்த மறுகணமே, பேராசிரியரின் பேரன் எழுந்து அதனை வெல்லத்தக்க இனத்தையே எடுத்துக்கொள்கிறான். புல்லுக்கு நெருப்பு, நெருப்புக்கு நீர், நீருக்குப் புல். வழிநெடுக எதிர்ப்படும் அவன், ஈற்றிலே வாகைசூடியாய் நிற்கும்போது, அவனது அப்பிராணி 65ஆம் படியில் இருக்கும். எனவே முதலாம் பிள்ளையாயினும் மூன்றாம் பிள்ளையாயினும், எமது முதற்றுணைக்கு அந்த ஆட்டத்திலே எதிரியின் முதற்றுணைமுன் நிற்பது கடினம். மகள் அன்று சார்மாண்டரின் முதிர்ந்த வடிவை ஒதுக்கி நிறுத்தி, எதிரியின் பேராமைமீது ஒரு மின்பிராணியை ஏவினாள். “விளக்கு ஏன் வெளியே வரவில்லை?” என்று கேட்டோம். “மழையிலே அதை ஏன் நனைப்பான், அப்பா?” என்று திரையினின்றும் கண்ணெடாமலே சொன்னாள்.