ரெண்டு டீஸ்பூன் வித்தியாசம்

நான் பி.காம். பிஸ்டன் என்பது மேலும் கீழும் போய் வருகிற சாமான் என்பதுவரைதான் என் இன்ஜின் ஞானம். அப்படிப் போய் வருகிற இன்னொரு ஐட்டம் ஷேர் மார்க்கெட். அதில் அடி வாங்கிய அனுபவம் மட்டும் நிறைய உண்டு!

அப்பா டாக்ஸி ஓட்டியவர். என்னையும் அக்காவையும் படிக்க வைத்தது அவருடைய 1984 மாடல் அம்பாஸடர்தான். 2014-ல் கம்பெனியே அம்பாஸடரை நிறுத்திவிட்டது; அப்பா நிறுத்தவில்லை. தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்பார். அதுதான் அவருக்குச் சுப்ரபாதம்.

போன வருஷம் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. "போர் பண்ணணும்டா" என்றார். சீட்டுப் பணத்தை எடுத்தேன். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கினால் ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். பழைய வண்டிக்கு லேசில் கிடைக்குமா? மெக்கானிக் கடை கடையாக அலைந்து நாலு கொண்டுவந்தார். ஒரு பெட்டியில் ரெண்டு, வேறு பெட்டியில் ரெண்டு.

"தலை வேற வேற மாதிரி இருக்கே?"

"சைஸ் ஒண்ணுதான் சார். கம்பெனிக்குக் கம்பெனி அப்படித்தான்."

விட்டத்தை அளந்தோம். ஒன்றுதான். மாட்டியாச்சு.

ஸ்டார்ட் செய்ததும் அப்பா முகம் சுருங்கியது. "ரெண்டு ஒரு மாதிரி பேசுது, ரெண்டு வேற மாதிரி பேசுது."

மெக்கானிக் சிரித்தார். நான் அதைவிட மோசம். "எழுபத்தொரு வயசாச்சுப்பா. வண்டி சரியாத்தான் இருக்கு. உங்க காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றேன்.

அப்பா பேசாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் சுப்ரபாதம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

நாலாம் நாள் நானே வண்டியை எடுத்தேன். சிக்னலில் நின்றால் வண்டி உதறியது. மேம்பாலம் ஏறும்போது, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி 'டக டக'. பயந்துபோய், அப்பாவின் பழைய மேனுவலைத் தூசி தட்டினேன்.

விஷயம் இதுதான். அந்த 1489 சிசி இன்ஜின், இங்கிலாந்து பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' வம்சம். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே 1489 சிசி, அதே 73 மி.மீ. போர், அதே 88.9 மி.மீ. ஸ்ட்ரோக். ஆனால் கம்ப்ரெஷன் அங்கே 8.3, எங்கள் வண்டியில் 7.2. காரணம் பெட்ரோல். அந்தக் காலத்தில் நம்மூரில் ஓடியது 87 ஆக்டேன். அதைப் போட்டு ரொம்ப நசுக்கினால், ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேர்வதற்குள் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த அடிதான் நாக்கிங்.

இனி நமக்குத் தெரிந்த வேலை, கணக்கு. ஒரு சிலிண்டர் 372 சிசி. கம்ப்ரெஷன் 7.2 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 60 சிசி. 8.3 என்றால் 51. வித்தியாசம் 9 சிசி. காபிக்குச் சர்க்கரை போடுகிற ரெண்டு டீஸ்பூன்கூட இல்லை! அது ஒளிந்திருக்கும் இடம் பிஸ்டனின் தலை. குழிந்த தலை லோ கம்ப்ரெஷன், தட்டைத் தலை ஹை கம்ப்ரெஷன். விட்டத்தை அளந்தால் ரெண்டும் அண்ணன் தம்பி.

மெக்கானிக்கை கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரெண்டு சிலிண்டர் 125 பவுண்டு. ரெண்டு 150. அவர் சிரிக்கவில்லை.

அப்பா ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்க காது நல்லாத்தான் இருக்குப்பா. என் வாயைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

பேப்பரை மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். "குழிப் பிஸ்டன் யார்கிட்ட இருக்கும்னு எனக்குத் தெரியும். வா."

கிடைத்தது. சீட்டுப் பணத்தில் பாக்கியிருந்ததும் காலி.

ஆபீஸில் டோட்டல் டாலி ஆனால் வவுச்சரைத் திறந்து பார்க்காமல் டிக் அடிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. வீட்டிலும் அதையேதான் செய்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், வவுச்சருக்கு மனசு வலிக்காது.

இப்போது காலையில் நானும் அப்பா பக்கத்தில் நிற்கிறேன். "நாலும் ஒரே மாதிரி பேசுது பாரு. கேக்குதா?" என்பார்.

"கேக்குதுப்பா" என்பேன்.

உண்மையில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் ஐந்து நிமிஷம் காது கொடுத்து நிற்கிறேன்.