பேட்டரியின் மேல் விழும் பழி

பழைய டேப்லெட் சார்ஜ் ஏறாமல் படுத்துவிட்டால் வீட்டில் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பேட்டரி போயிடுச்சு." அடுத்த தீர்ப்பும் உடனே வந்துவிடும்: "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்." இரண்டுக்கும் நடுவே விசாரணை என்று எதுவும் நடப்பதில்லை. அந்த விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அம்மாவின் ஏழு அங்குல டேப்லெட்டுக்கு அது நடந்தது. வாங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கி அம்மா அதில்தான் பேப்பர் படிப்பார். எதை எங்கே தொட வேண்டும் என்று அவர் விரலுக்கே தெரியும். "புதுசு வேண்டாம்டா, இதையே சரி பண்ணிக் குடு" என்றார். எழுபதைக் கடந்தவரின் அந்தக் கோரிக்கையில் முழு நியாயம் இருந்தது.

விசாரணையைச் சுவரில் உள்ள பிளக்கிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். முதலில் சார்ஜர். அக்காலத்து டேப்லெட்டுகள் பலவற்றுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட் தேவை. கணினியின் பழைய யூஎஸ்பி துளை தருவது அரை ஆம்பியர்தான். அதில் செருகிவிட்டு திரையையும் எரியவிட்டால், ஏறுவதைவிட இறங்குவது அதிகமாகிவிடும். அடுத்து கேபிள். மலிவான கேபிளுக்குள் செம்புக் கம்பி இழையாக மெலிந்திருக்கும். மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துபோகும். பிறகு சார்ஜிங் பின். அங்கே பஞ்சும் தூசியும் அடைந்திருக்கலாம், பின்னே ஆட்டம் கண்டிருக்கலாம். அணைத்துவிட்டு, உலர்ந்த மரக்குச்சியால் மெல்லச் சுத்தம் செய்தாலே உயிர் வந்துவிடும் கருவிகள் உண்டு.

அம்மாவுடையது பல மாதம் அலமாரியில் கிடந்தது. லித்தியம் செல் நிறைந்திருக்கும்போது பொதுவாக 4.2 வோல்ட் காட்டும். அது 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் கருவி உடனே முழு வேகத்தில் மின்சாரம் ஏற்றாது. முதலில் துளித்துளியாகத்தான் ஊட்டும். அந்த நேரத்தில் திரை இருட்டாகவே இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "செத்துடுச்சு" என்று பிடுங்கிவிடுகிறோம். சரியான சார்ஜரில் கண் பார்வையில் சில மணி நேரம் விட்டுவைத்தபோது அம்மாவின் டேப்லெட் கண் திறந்தது. ஆனால் நெடுங்காலம் வற்றிக் கிடந்த செல்லை நேரடியாகக் கம்பி கொடுத்து எழுப்புவது ஆபத்து. உள்ளே செம்பு கரைந்து படிந்து, குறுக்குச்சுற்று ஏற்படலாம்.

கண் திறந்த டேப்லெட் நாற்பது சதவீதத்தில் பட்டென்று அணைந்தது. மற்ற எல்லோரையும் விசாரித்துவிட்டதால், இப்போதுதான் பேட்டரியைக் குற்றவாளி என்று சொல்ல முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிறு கடைக்காரர், "சார், மேல போட்டிருக்கிற எம்ஏஎச் நம்பரை நம்பாதீங்க, தயாரிச்ச தேதியைப் பாருங்க" என்றார். அதைவிட நல்ல ஆலோசனை கிடையாது. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே லித்தியம் அயனி பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு: பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு வயதாகும். பெட்டி பிரிக்காமல் ஆறேழு வருடம் கிடந்த "புது" பேட்டரி புதியது ஆகாது.

மாற்றும் வேலையில் அவசரம் கூடாது. பசையை இளஞ்சூட்டில் இளக்கி, பிளாஸ்டிக் அட்டையால் நெம்ப வேண்டும். இரும்புக் கத்தி செல்லைக் கிழித்தால் தீப்பிடிக்கும். சிவப்பு, கறுப்புக் கம்பிகளோடு பல பேட்டரிகளில் இன்னொரு கம்பியும் இருக்கும். அது வெப்பநிலையைச் சொல்வது. அது சரியாகப் பொருந்தாவிட்டால் புது பேட்டரியும் சார்ஜ் ஏற மறுக்கலாம். சதவீதக் கணக்கும் சில நாள் தடுமாறும், ஏனென்றால் அது கருவி கணித்துச் சொல்லும் மதிப்பீடு. ஒருமுறை நிரப்பி, நன்றாக இறங்கவிட்டு, மறுபடி நிரப்பினால் பெரும்பாலும் சரியாகும். பின்மூடியைத் தள்ளுமளவு உப்பிய பேட்டரி மட்டும் இந்த விசாரணைக்கெல்லாம் அப்பாற்பட்டது. அதைச் சார்ஜ் போடவும் கூடாது, அழுத்தவும் கூடாது. கழற்றக் கடைக்குக் கொடுத்துவிட வேண்டும். பழையது எதுவானாலும் குப்பைத்தொட்டிக்கு அல்ல, மின்கழிவு சேகரிப்பவர்களிடம்தான் போக வேண்டும்.

அம்மாவின் டேப்லெட் இப்போது நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் ஒரு பேட்டரியை மாற்ற இவ்வளவு பாடு தேவையா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. தேய்ந்துபோகும் என்று தெரிந்தே வைக்கும் ஒரு பாகத்தைப் பசை போட்டு ஒட்டுவது, வாங்கியவருக்குச் செய்யும் அநீதி. கையில் எடுக்கும் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பொதுவிதி கொண்டுவந்தது. 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. அப்படியொரு விதி நம் ஊருக்கும் வேண்டும். நான்கு திருகாணியும், நியாய விலையில் ஒரு பேட்டரியும் போதும். நன்றாக ஓடும் எத்தனையோ கருவிகள் மின்கழிவாகாமல் வீட்டிலேயே இருக்கும்.