துப்பிட்டேன்மா

மொதல்லயே சொல்லிடுறேன், நான் குடிக்கிறவன் இல்லை. டீம் பார்ட்டியில ஒரு ஆசாமி ஓரமா உக்காந்து மசாலா கடலையை மட்டும் காலி பண்ணிட்டிருப்பான் பாருங்க, அது நான்தான். வேலை கிடைச்சு சென்னைக்கு பஸ் ஏறுறதுக்கு முந்தின நாள் இருக்கன்குடி மாரியாத்தா மேல அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு. "உங்கப்பன் தொட்டதை நீ தொடக்கூடாதுய்யா." அவ்ளோதான். அதுக்கு மேல பேசல.

அப்பேர்ப்பட்ட நான் போன மாசம் ஷாம்பெய்ன் ருசி பார்த்துட்டு வந்தேன். திட்டுறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு திட்டுங்க.

ஆன்சைட்டுக்கு பாரிஸ் வந்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ப்ரெஞ்சுக்காரர், அவரோட அத்தைக்கு அவீஸ் கிராமத்துல திராட்சைத் தோட்டம் இருக்குன்னு என்னையும் எங்க லீடையும் ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போனார். பாரிஸ்ல ரயில் ஏறி எபர்னே, அங்கேர்ந்து தெக்கால கொஞ்ச தூரம் கார். ரோட்டோரம் மண்ணு வெட்டின இடமெல்லாம் வெள்ளை வெளேர்னு சாக்பீஸ் மாதிரி இருக்கு. மாதிரி என்ன, சாக்கேதான். அந்த சரிவு முழுக்க கிட்டத்தட்ட ஷார்டனே திராட்சை மட்டும்தான். பேரே கோத் தே ப்ளாங், வெள்ளைகளின் சரிவு.

ஷாம்பெய்ன்ல முக்கியமா மூணு திராட்சை. பினோ நுவார், மூனியே ரெண்டும் கருப்பு. ஆனா தோல் ஊறாம மெதுவா பிழிஞ்சா அதுலயும் சாறு வெளுப்பாத்தான் வரும். வெள்ளைத் திராட்சையை மட்டும் வச்சு, அதாவது அனேகமா ஷார்டனே மட்டும் வச்சு செஞ்சா லேபிள்ல 'ப்ளாங் த ப்ளாங்'னு போடுவாங்க. வெள்ளையிலேர்ந்து வெள்ளை.

நான் வாசல்லயே சொல்லிட்டேன், குடிக்க மாட்டேன், வேடிக்கை மட்டும்னு. அத்தை சிரிச்சிட்டு ஒரு உலோகக் குடுவையை மேசை மேல வச்சாங்க. வாயில வச்சு சுழட்டிட்டு இதுல துப்பணுமாம். தொழில்ல இருக்கறவங்க எல்லாரும் துப்பத்தான் செய்வாங்களாம், இல்லன்னா அஞ்சாவது கிளாஸுக்கு மேல நாக்கு சொல்றதை நம்ப முடியாதே. வெத்தலை போடுற எங்க ஆச்சியோட பணிக்கம் ஞாபகம் வந்துச்சு. தொடறதுன்னா என்ன, விழுங்குறதுதானேன்னு மனசு வக்கீல் வேலை பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. சரின்னுட்டேன்.

ஒல்லி கிளாஸ் குடுக்கல, துலிப் பூ மாதிரி நடுவுல புடைச்ச கிளாஸ். ஒல்லியில வாசம் நிக்க இடம் இல்லையாம். 8லேர்ந்து 10 டிகிரி குளிர்ச்சி, அதுக்கு மேல ஜில்லுன்னா மூக்குக்கு ஒண்ணும் எட்டாது. நான் உடனே குமிழியை உத்துப் பார்த்து "ரொம்ப பொடிசா இருக்கே, நல்ல சரக்கோ"ன்னு அளந்துவிட்டேன். அத்தை தலையாட்டினாங்க, இல்லைன்னு. குமிழி கிளம்புற இடமே கிளாஸ்ல ஒட்டியிருக்கற துணி நூல், தூசு இதுலேர்ந்துதான், கிளாஸைத் துடைச்ச துண்டைப் பொறுத்தும் மாறும், அதை வச்சு மட்டும் மார்க் போடாதேன்னாங்க. (ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெரார் லிஜே-பெலேர்னு ஒரு இயற்பியலாளர் இந்தக் குமிழியையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். குடுத்து வச்ச மனுஷன்.)

முதல் ரெண்டு கிளாஸும் ஒரே ஒயின். கடைசியில கார்க் போடறதுக்கு முன்னாடி சேர்க்கிற சர்க்கரையில மட்டும் வித்தியாசம். ஒண்ணுல லிட்டருக்கு 8 கிராம், இன்னொண்ணுல துளிகூட கிடையாது. நம்ம பாஷையில சொன்னா பில்ட் ஒண்ணு, கான்ஃபிக் ரெண்டு. சர்க்கரை இல்லாதது எலுமிச்சையைக் கடிச்ச மாதிரி பல்லு கூசிச்சு. 8 கிராம் போட்டது இனிக்கல, ஆனா அதே புளிப்பு ஒழுங்கா உக்காந்திருந்துச்சு, பச்சை ஆப்பிள் வாசத்தோட. துப்பினப்புறம் எவ்வளவு நேரம் ருசி நிக்குதுன்னு மனசுக்குள்ள எண்ணணும். முதலாவது அஞ்சு எண்றதுக்குள்ள போயிடுச்சு, ரெண்டாவது பத்தைத் தாண்டுச்சு. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. "சர்க்கரை சேர்க்காததுதான் சுத்தமான ருசி"ன்னு லீடு சொன்னார். அதெல்லாம் ஃபேஷன் சார்.

மூணாவது, 2008 அறுவடை. ஒரே வருஷத் திராட்சையில செஞ்சா குறைஞ்சது 3 வருஷம் அடியறையில கிடக்கணும்னு சட்டம். ரெண்டாவது நொதிப்பு பாட்டிலுக்குள்ளயே நடக்கும், வேலை முடிச்சு செத்த ஈஸ்ட் அதே பாட்டில்ல படிஞ்சு கிடக்கும், அது மெதுவா சிதையச் சிதைய பேக்கரி வாசம் ஏறும்னு சொல்லியிருந்தாங்க. அத்தை பேச்சு மும்முரத்துல மோந்து பார்க்காமயே ஊத்திட்டாங்க. லீடு ஒரு வாய் வச்சு "சூப்பர், மண் வாசம்"னார். ப்ரெஞ்சுக்காரரும் தலையாட்டினார்.

எனக்கு ஈரச் சாக்கு நாத்தம் அடிச்சுச்சு. ஐப்பசி மழையில நனைஞ்ச ரேஷன் கடைச் சாக்கு. லேசாத்தான், ஆனா அதுக்குப் பின்னாடி பழமும் இல்லை, பேக்கரியும் இல்லை, வெறிச்னு இருந்துச்சு. தயங்கித் தயங்கி சொன்னேன். அத்தை என் கிளாஸை வாங்கி மோந்தாங்க. முகம் மாறிடுச்சு. பேசாம பாட்டிலோட தொட்டியில கொட்டிட்டு இன்னொண்ணு திறந்தாங்க. கார்க்குல வர்ற ட்ரைக்ளோரோ அனிசோல்னு ஒரு சனியன், லட்சம் கோடியில சில பங்கு கலந்தாலே போதும், வாசத்தை எல்லாம் முழுங்கிடும். ரெண்டாவது பாட்டில் வேற உலகம். வெண்ணெய் தடவி சுட்ட ரொட்டி, வறுத்த முந்திரி, அடியில அதே எலுமிச்சை. இருபது எண்ணினேன், அப்பவும் போகல.

"குடிக்காதவனுக்கு இந்த மூக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு அத்தை கேட்டாங்க, மருமகன் மொழிபெயர்த்தார். "அம்மா சமையல்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

பொய்தான். எட்டு வயசுலேர்ந்து ராத்திரி அப்பா கதவைத் தட்டினா திறக்கறது என் வேலை. சைக்கிளை வாங்கி நிறுத்துற சாக்குல பக்கத்துல போய் மூச்சை இழுக்கணும். பிராந்தியா, பட்டையா, எவ்ளோ. அடுப்படிக்குள்ள போய் "இன்னைக்கு கம்மிம்மா"ன்னா தங்கச்சி வீட்டுல படுப்பா. "ஜாஸ்தி"ன்னா பின்வாசல் வழியா பெரியம்மா வீட்டுக்கு. ரெண்டு தடவை தப்பா சொல்லியிருக்கேன். ரெண்டும் நாள், கிழமையோட ஞாபகம் இருக்கு. காலேஜ் ரெண்டாவது வருஷம் அப்பா ஈரல் கெட்டு செத்துப்போற வரைக்கும் அந்த டியூட்டி எனக்குத்தான். அவீஸ்ல ஒவ்வொரு கிளாஸையும் மூக்குக்கிட்ட கொண்டுபோறப்ப முதல்ல தேடினது எலுமிச்சையும் இல்லை, ரொட்டியும் இல்லை.

கடைசி வாயைத் துப்ப மனசே வரல. துப்பிட்டேன். நாக்கு ஓரத்துல ஒட்டினது கணக்குல வருமான்னு தெரியல.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கார்க், சாக்கு, ரேஷன் கடை, எல்லாம். "துப்பிட்டேன்மா, சத்தியமா." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"அந்த வாசம் அடிச்சுச்சாய்யா?"

"இல்லம்மா."

"ம்... சாப்ட்டியா?"

"இனிமேதான்."

"நேரத்துக்கு சாப்புடு"ன்னுட்டு வச்சிருச்சு.