பிறக்காத கன்றுகளின் கணக்கு

இப்போதெல்லாம் மரபணுவைப் பார்த்துத்தான் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னேன். "மாட்டுக்கும் ஜாதகமா?" என்று சிரித்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பிரான்சு நாட்டு விவசாயச் செய்திகளை விடாமல் படிப்பது என் வழக்கம். அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

காளை பால் கறக்காது. அப்படியானால் எந்தக் காளை நல்ல காளை என்று எப்படித் தெரியும்? அதன் மகள்கள் கறக்கும் பாலை அளந்துதான். காளை வளர்ந்து, அதன் விந்தை ஊசி மூலம் செலுத்தி, கிடேரி பிறந்து, அது பருவத்துக்கு வந்து, கன்று போட்டுக் கறக்க ஐந்தாறு வருடம் ஆகிவிடும். பிரெஞ்சில் இதைத் 'தெஸ்தாழ்' என்பார்கள். நம் அலுவலகத்து ப்ரொபேஷன் மாதிரி. இங்கே காளைக்குப் பதிலாக மகள்கள் தேர்வு எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்க 2001-ல் மூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். 2009-ல் அமெரிக்காவும் பிரான்சும் அதை அதிகாரபூர்வமாகவே ஏற்றன. கன்றின் காதிலிருந்து துளி சதையோ, கொஞ்சம் ரோமமோ எடுத்தால் போதும். ஒரு சிப் அதன் மரபணுவில் சுமார் 54,000 இடங்களைப் படித்துவிடும். ஆனால் அந்தச் சிப்புக்குத் தானாக ஒன்றும் தெரியாது. பல்லாண்டுகளாகப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் அளந்து எழுதிய பதிவேடுகளோடு ஒப்பிட்டால்தான் மதிப்பெண் வரும். பேனா பிடித்தே பிழைத்த எனக்கு இதைப் படித்தபோது சின்னப் பெருமை.

இதில் என்னை உலுக்கியது ஒரு காளையின் கதை. 1962-ல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டீன் காளை, பெயர் சீஃப். மகள்கள் 16,000. பேத்திகள் 5 லட்சம். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். பாலைக் கொட்டிக் கொடுத்த வம்சம். ஆனால் அதன் மரபணுவில் ஒரு பழுது ஒளிந்திருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கன்றுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். உறவுக்குள்ளேயே இனம் சேர்க்கச் சேர்க்க அந்தப் பழுது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதனால் 5,25,000 கருக்கள் போயிருக்கும் என்று 2016-ல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள்.

அதைக் கண்டுபிடித்த விதம்தான் விசேஷம். நோயுற்ற கன்று எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பழுதைச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு இரண்டு பிரதியும் இருக்க வேண்டும், இது கணக்கு. 2011 வாக்கில் ஆயிரக்கணக்கான மாடுகளின் தரவைத் தேடினார்கள். இரண்டு பிரதி உள்ள மாடு ஒன்றுகூட இல்லை. இருக்க வேண்டியவை பதிவேட்டில் இல்லை என்றால், அவை பிறக்கவே இல்லை என்றுதானே பொருள்!

அத்தனை காலமும் பழி யார் மேல் விழுந்திருக்கும்? பசுவின் மேல்தான். வில்லியனூர்ப் பக்கம் என் பெரியம்மா ஒரு கலப்பினப் பசு வளர்த்தார். மூன்று முறை ஊசி போட்டும் சினை தங்கவில்லை. 'மலட்டு மாடு' என்று சொல்லிச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். அந்த மாட்டுக்கு இந்தப் பழுதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காளையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

என் அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். மூன்று கரு தங்கவில்லை. அக்காவுக்கு மாமியாராகவும் ஆகிவிட்ட எங்கள் சொந்த ஆயாவே அவளை 'மலடி' என்றார். மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் என்னவென்று அந்தக் காலத்தில் யார் சோதித்தார்கள்? அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் காளையின் கதையை அவளுக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன். சில பழுதுகளுக்கு இரண்டு பக்கமும் வேண்டும் அக்கா, உன் பக்கம் மட்டும் போதாது என்று.

இன்று அந்தப் பழுது உள்ள காளையை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. அதே பழுதைச் சுமக்கும் பசுவோடு சேர்க்காமல் இருந்தால் போதும், பாலும் கிடைக்கும், கன்றும் தங்கும். நம் நாட்டிலும் 2024-ல் நாட்டு மாடுகளுக்குக் 'கௌ சிப்', எருமைகளுக்கு 'மஹிஷ் சிப்' என்று வந்திருக்கின்றன. ஆனால் அதிக மதிப்பெண் வாங்கிய நாலு காளையையே எல்லோரும் தேடிப் போனால் சீஃபின் கதை மறுபடி நடக்கும், அதுவும் முன்னைவிட வேகமாக.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சினை ஊசி போட வருகிறவரிடம் அந்த விந்துக் குச்சியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், காளையின் எண் அதில் அச்சிட்டிருக்கும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு அந்தக் கிடேரிக்கு அதே காளையின் ஊசி விழாமல் பார்த்துக்கொள்ளலாம். சினை தங்காமல் போனால் அதையும் அதே வரியில் எழுதுங்கள்.